வளரிளம் பருவமும் மைசூரின் பதிவேடுகளும்

வயது வந்தோரை வாட்டும் மனநோய்களில் பெரும்பகுதி வயது வந்த பிறகு புதிதாகத் தோன்றுவதில்லை என்பதையும், அவற்றின் வேர் பள்ளிப் பருவத்திலேயே ஊன்றிவிடுகிறது என்பதையும் இன்றைய மனநல மருத்துவம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளது. அமெரிக்க மக்களிடையே ரொனால்ட் கெஸ்லர் தலைமையில் நடந்து 2005இல் வெளியான பெரும் கணக்கெடுப்பு, வாழ்நாளில் என்றேனும் மனநோய்க்கு ஆளானவர்களுள் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிட்டதாகக் கண்டது. எனினும் அக்கணக்கெடுப்பு, பெரியவர்களிடம் அவர்களது இளமையைப் பற்றிக் கேட்டு, அவர்கள் நினைவிலிருந்து சொன்னதைத் தொகுத்த ஒன்று. சிறுவயது மனக்கலக்கம் எவ்வழியாக நோயாக முற்றுகிறது என்பதை அறிய வேண்டுமானால், நோய் இன்னும் வராத குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர வளர ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து குறித்துவைக்க வேண்டும். பொறுமையும் ஒழுங்கும் கோரும் இந்தப் பணியில் மைசூர் நகருக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு பெரும் கோட்பாடுகளால் அமைந்ததன்று. பெரும்பாலும் பதிவேடுகளால் அமைந்தது.

குழந்தைப் பருவத்துக்கும் குடும்ப வாழ்வுக்கும் இடையே ஒரு நீண்ட இடைவெளி இருந்தால்தான் வளரிளம் பருவம் என்ற ஒன்றைத் தனியே பிரித்துப் பார்க்க முடியும். 19ஆம் நூற்றாண்டின் மைசூர் சமஸ்தானத்தில் பெண் குழந்தைகளுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லை. பூப்பெய்துமுன் திருமணம், பூப்பெய்தியதும் புகுந்த வீடு என்பதே பல சாதிகளில் வழக்கமாக இருந்தது. சமஸ்தான அரசு 1894இல் இயற்றிய குழந்தை மணத் தடுப்புச் சட்டம் 8 வயது நிரம்பாத பெண் குழந்தைகளின் திருமணத்தைத் தடை செய்தது; 50 வயதைக் கடந்த ஆண்கள் 14 வயதுக்குட்பட்ட சிறுமிகளை மணப்பதையும் அது தடுத்தது. இன்று பார்க்கையில் அந்த 8 என்ற எண் மனத்தை உறுத்துகிறது. ஆயினும் பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்ணுக்கு 14 வயது என்ற வரம்பை விதித்த சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது என்பதை எண்ணினால், மைசூர் எடுத்துவைத்த அடி சிறிதாயினும் முந்தியது என்பது விளங்கும். 1881இல் மைசூரில் தொடங்கப்பட்ட மகாராணி பெண்கள் பள்ளியும், 1913இன் தொடக்கக் கல்விச் சட்டமும் இதே திசையில் சென்றவை. திருமணம் தள்ளிப்போய், பள்ளி ஆண்டுகள் நீண்டபோதுதான் பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட ஒரு பருவம் ஆசிரியர்களின் கண்ணுக்கும், பின்னர் மருத்துவர்களின் கண்ணுக்கும் புலப்பட்டது. வகுப்பில் ஒருங்கே உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளிடையேதான் எவன் அடங்காதவன், எவள் வாய் திறக்காதவள் என்ற வேறுபாடுகள் கவனத்துக்கு வந்தன.

அந்த வேறுபாடுகளை அளந்து பார்க்கும் முயற்சியும் மைசூரில் சற்று முன்கூட்டியே தொடங்கியது. 1916இல் நிறுவப்பட்ட மைசூர் பல்கலைக்கழகத்துக்கு 1920களில் துணைவேந்தராக இருந்த பிரஜேந்திரநாத் சீல், கல்கத்தாவில் சோதனை உளவியலுக்குப் பாடத்திட்டம் வகுத்தவர். அவர் காலத்தில், 1924இல், மகாராஜா கல்லூரியில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. கல்கத்தாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் எழுந்த உளவியல் துறை அதுவே. அதை நடத்திய பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்றவர். மனிதனின் பலவகை அறிவுத் திறன்களுக்கும் அடியில் ஒரு பொதுத்திறன் உண்டு என்றும், அதைக் கணித முறையில் பிரித்தறியலாம் என்றும் கூறியவர் ஸ்பியர்மன். மேனாட்டு அறிவுத்திறன் சோதனைகளை இந்தியப் பிள்ளைகளுக்குப் பொருந்துமாறு மாற்றியமைப்பது கோபாலசுவாமியின் துறையின் பணிகளுள் ஒன்றாக இருந்தது. மைசூரில் உளவியல் கற்பித்த பி. குப்புசாமி, கல்வி, தொழில், வருமானம் ஆகிய மூன்றையும் கொண்டு குடும்பத்தின் நிலையை மதிப்பிட 1976இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் இந்திய மருத்துவ ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படுகிறது. குழந்தைகளின் மனநலம் குறித்த எந்த இந்திய ஆய்வேட்டைப் புரட்டினாலும் பெரும்பாலும் முதற்பக்க அட்டவணையிலேயே அவர் பெயர் தென்படும்.

ஆனால் சோதனை என்பது ஒரு நாளில் முடிந்துவிடுவது. பத்து வயதுச் சிறுவன் குறிப்பிட்ட ஒரு காலையில் எத்தனை வினாக்களுக்கு விடையளித்தான் என்பதை அது சொல்லும். அச்சிறுவன் இருபது வயதில் என்ன ஆவான் என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. மறுபுறம், மனநோய் மருத்துவமனைகள் கண்டது கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டுமே. மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனை பெங்களூரில் இருந்தது. அங்கே அழைத்துவரப்பட்டவர்கள் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள். மருத்துவர் உறவினர்களிடம் கேட்டு, நோயாளியின் இளமையைப் பற்றிய குறிப்பை எழுதிக்கொள்வார். மனச்சிதைவு நோயை, அதாவது எண்ணமும் உணர்வும் புலனறிவும் ஒன்றோடொன்று இசைவிழக்கும் கடும் நோயை, ஐரோப்பிய மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்த முறையும் இதுவே. ஜெர்மனியில் எவால்ட் ஹெக்கர் 1871இலும், அவருக்குப் பின் எமில் கிரெப்பலினும் அந்நோய் பூப்புப் பருவத்தை ஒட்டித் தொடங்குவதைக் கவனித்தனர். கவனித்தவர்கள் இருவரும் நோயாளியிடமிருந்து பின்னோக்கியே பார்த்தனர். பின்னோக்கிப் பார்ப்பதில் ஒரு பெரும் இடர் உண்டு. நோயுற்றவனின் தாய், அவனது சிறுவயதில் நேர்ந்த ஒவ்வொரு அடத்தையும் ஒவ்வொரு காய்ச்சலையும் நோயின் முன்னறிவிப்பாக நினைவுகூர்வாள். அதே அடமும் அதே காய்ச்சலும் இருந்து, நலமாக வளர்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மருத்துவரின் ஏட்டில் இடம்பெறுவதே இல்லை.

குழந்தைகளைக் குழந்தைப் பருவத்திலேயே பார்க்கும் மருத்துவம் இந்தியாவில் தாமதமாகவே வந்தது. நாட்டின் முதல் குழந்தை வழிகாட்டு மையம் 1937இல் பம்பாயில், அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டிருந்த சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிக் கல்லூரியின் சார்பில் அமைந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் இருந்த மனநோய்ப் படுக்கைகள் சுமார் 10,000 மட்டுமே என்று நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய அரசு அமைத்த போர் (Bhore) குழு 1946இல் எழுதியது. அந்தப் பற்றாக்குறையில் குழந்தைகளைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை. அக்குழுவின் பரிந்துரைப்படி 1954இல் பெங்களூர் மருத்துவமனையோடு இணைத்து அனைத்திந்திய மனநல நிறுவனம் நிறுவப்பட்டது. 1974இல் அது நிம்ஹான்ஸ் எனப் பெயர் பெற்றது. மைசூரிலேயே 1965இல் தொடங்கப்பட்ட அனைத்திந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், பேச்சு தாமதப்படும் குழந்தைகளையும் திக்குவாய்ப் பிள்ளைகளையும் தேடிவரச் செய்தது. பேச இயலாத ஆத்திரம் பிள்ளையின் நடத்தையில் வெளிப்படுவதை மைசூர்ப் பெற்றோர் முதன்முதலாக ஒரு நிபுணரிடம் சொல்லிக்கொள்ள வாய்த்த இடங்களுள் அதுவும் ஒன்று.

இதற்கிடையே பிள்ளைகளின் சிக்கல்களை வகைப்படுத்தும் முறையும் தெளிவடைந்திருந்தது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக் 1966இல் முன்வைத்த பகுப்பின்படி அவை இரு பெரும் தொகுதிகளாகப் பிரியும். அச்சம், பதற்றம், ஏக்கம், ஒதுங்கியிருத்தல், காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி போன்று பிள்ளை தனக்குள்ளேயே சுமப்பவை அகமுகச் சிக்கல்கள். அடங்காமை, முரட்டுத்தனம், பொய், திருட்டு, ஓரிடத்தில் நிலைகொள்ளாமை போன்று பிறர்மீது பாய்பவை புறமுகச் சிக்கல்கள். முதல் வகை பிள்ளையை வருத்துகிறது. இரண்டாம் வகை வீட்டையும் பள்ளியையும் வருத்துகிறது. எந்த வகைப் பிள்ளை விரைவில் மருத்துவரிடம் அழைத்துவரப்படும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அதே 1966இல் லீ ராபின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட நூல், பின்னோக்கிப் பார்க்கும் பழக்கத்தைத் திருப்பிப் போட்டது. செயின்ட் லூயிஸ் நகரின் குழந்தை வழிகாட்டு மையத்துக்கு 1920களில் அழைத்துவரப்பட்ட 524 பிள்ளைகளையும், ஒப்பிட்டுப் பார்க்க 100 இயல்பான பிள்ளைகளையும், முப்பது ஆண்டுகள் கழித்து அவர் தேடிக் கண்டுபிடித்தார். சமூக விரோதப் போக்குடைய பெரியவர்கள் ஏறத்தாழ அனைவரும் சிறுவயதில் நடத்தைச் சிக்கல் உடையவர்களாகவே இருந்தனர். ஆனால் சிறுவயதில் கடும் நடத்தைச் சிக்கல் உடையவர்களாக இருந்த பிள்ளைகளுள் பாதிக்கும் குறைவானவர்களே பெரியவர்களானபின் அப்படி ஆனார்கள். பின்னோக்கிப் பார்த்தால் விதியென்று தோன்றும் பாதை, முன்னோக்கிப் பார்த்தால் பல கிளைகளாகப் பிரிகிறது. நியூசிலாந்தின் டனேடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது. 26 வயதில் மனநோய் இருந்தவர்களுள் பாதிப் பேர் 15 வயதுக்கு முன்பே ஏதேனும் ஒரு மனநோய்க்கான அறிகுறிகளை முழுமையாகக் கொண்டிருந்தனர். அதோடு, சிறுவயது நடத்தைச் சிக்கல் பின்னாளில் குற்றச் செயலாக மட்டுமன்றி மனச்சோர்வாகவும் பதற்றமாகவும் போதைப் பழக்கமாகவும் மாறி வெளிப்படலாம் என்பதும் அங்கே தெரியவந்தது. இத்தகைய ஆய்வைத் தொடர்குழு ஆய்வு எனலாம்: ஒரே காலத்தில் பிறந்த ஒரு கூட்டத்தாரை நோயுற்றவர், நலமுற்றவர் என்ற பேதமின்றி முழுமையாகத் தொடர்வது.

மைசூர் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தது மனநல மருத்துவத்தின் வழியாக அன்று, பேறுகால அறையின் வழியாக. மண்டி மொகல்லாவில் வெஸ்லியன் மிஷனரிகளால் 1906இல் திறக்கப்பட்டு, ஊரார் வாயில் இன்றும் மிஷன் ஆஸ்பத்திரியாகவே விளங்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையும் நீளமும் தலைச்சுற்றளவும் பேறுகாலப் பதிவேட்டில் முறையாக எழுதப்பட்டு வந்தன. எடை பவுண்டில், நீளம் அங்குலத்தில். சுமார் ஐந்தரை பவுண்டு எடையில் பிறந்த ஒரு குழந்தைக்கான வரியை அன்று அளந்து எழுதிய செவிலிக்கு எந்த ஆராய்ச்சி நோக்கமும் இருந்திருக்க வாய்ப்பில்லை. பேறு பார்த்தபின் செய்ய வேண்டிய கடமையாகவே அது செய்யப்பட்டது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் மருத்துவச்சிகளின் மேற்பார்வையாளராக இருந்த எத்தல் மார்கரெட் பர்ன்சைடு 1911இல் தொடங்கிய இதுபோன்ற பதிவேடுகளை வைத்துத்தான், குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் மிகுதி என்ற கருத்தை டேவிட் பார்க்கர் நிறுவினார். கருவறையில் உண்டாகும் பற்றாக்குறை உடலின் அமைப்பிலேயே பதிந்து, பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும் என்பது அதன் சாரம். அதே கருத்தை இந்தியாவில் சோதித்துப் பார்க்க, சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த கரோலின் ஃபாலும் உடன் உழைத்தோரும் மைசூரின் பதிவேடுகளை நாடினர். 1934க்கும் 1954க்கும் இடையே அம்மருத்துவமனையில் பிறந்து, அந்நகரிலேயே வாழ்ந்துவந்த 517 பேரைக் கண்டறிந்து பரிசோதித்ததில், ஐந்தரை பவுண்டோ அதற்குக் குறைவாகவோ எடையிருந்தவர்களிடையே 11 விழுக்காட்டினருக்கும், ஏழு பவுண்டோ அதற்கு மேலோ எடையிருந்தவர்களிடையே 3 விழுக்காட்டினருக்கும் இதயத் தமனி நோய் இருந்தது. 1996இல் வெளியான இம்முடிவு, வாழ்வின் தொடக்கத்தை வாழ்வின் பிற்பகுதியோடு இணைத்துப் பார்க்க மைசூரில் இயலும் என்பதை மெய்ப்பித்தது. பின்னாளில் மனநல மருத்துவர் முரளி கிருஷ்ணா, இதே பதிவேடுகளில் இடம்பெற்ற முதியவர்களின் அறிவாற்றலையும் மனச்சோர்வையும் ஆராய முற்பட்டபோது, பேறுகால ஏடு மனநல ஏடாகவும் மாறியது.

பழைய பதிவேட்டில் ஒரு பெரும் குறை இருந்தது. பிறப்புக்கும் நடுவயதுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் வெற்றிடம். அந்த முதியவர்கள் பதின்மூன்று வயதில் எப்படி இருந்தார்கள் என்பதை அறிய வழியே இல்லை. அந்த வெற்றிடத்தை இனி வரும் தலைமுறைக்கேனும் நிரப்பும் வகையில், அதே மருத்துவமனையில் 1997-98இல் பார்த்தினன் ஆய்வு தொடங்கப்பட்டது. கருவுற்ற பெண்களைச் சேர்த்து, அவர்களது இரத்தத்தில் சர்க்கரையையும் சத்துக்களையும் அளந்து, பிறந்த குழந்தைகளை ஐந்து வயது வரை ஆண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆறு மாதத்துக்கொருமுறையும் ஜி.வி. கிருஷ்ணவேணியும் அவருடன் பணியாற்றியோரும் அளந்து வந்தனர். கர்ப்பகாலத்தில் முதன்முதலாகத் தோன்றும் நீரிழிவு 6.2 விழுக்காட்டுத் தாய்மாரிடம் இருந்தது. நரம்பு மண்டலத்துக்கு இன்றியமையாத பி12 வைட்டமின் 43 விழுக்காட்டினரிடம் குறைவாக இருந்தது. குழந்தைகளுக்கு ஒன்பது, பத்து வயதானபோது அவர்களின் நினைவாற்றலும் சொல்லாற்றலும் கவனமும் சோதிக்கப்பட்டன. கர்ப்பகாலத்தில் ஃபோலேட் சத்து மிகுதியாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் மேலான மதிப்பெண் பெற்றனர்; எதிர்பார்ப்புக்கு மாறாக, தாயின் பி12 அளவுக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. நீரிழிவு இருந்த தாய்மாரின் பிள்ளைகள் சில சோதனைகளில் மற்றவர்களைவிடச் சிறப்பாகவே செய்தனர். முன்கூட்டி நம்பியதை அப்படியே உறுதிசெய்யாத இத்தகைய முடிவுகளே, ஓர் ஆய்வு நேர்மையாக நடத்தப்பட்டதற்கு நல்ல சான்று.

பிள்ளைகள் பதின்மூன்று வயதைக் கடந்தபோது அவர்களுள் 213 பேருக்கு நடத்தப்பட்ட சோதனை, மனமும் உடலும் சந்திக்கும் இடத்தை நேரடியாகத் தொட்டது. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான மன அழுத்தச் சோதனையின் சிறுவர் வடிவம் அது. முன்பின் அறியாத இரண்டு மதிப்பீட்டாளர்களின் எதிரே பிள்ளை தனியே நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் மனக்கணக்குப் போட வேண்டும். விரலில் மாட்டிய பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவையும் இடைவிடாமல் பதிவு செய்யும். முன்னும் பின்னும் எடுக்கப்படும் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளக்கப்படும். ஆபத்தைக் கண்டால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் சுரக்கும் நீர் அது. மேடையேறிப் பேசவும் கரும்பலகை முன்னே நின்று கணக்குப் போடவும் அழைக்கப்படும் எந்தப் பள்ளிப் பிள்ளையும் அறிந்த அச்சத்தையே ஆய்வுக்கூடத்தில் திரும்ப நிகழ்த்தும் சோதனை இது என்பதால், இந்தியச் சூழலுக்கு அது நன்கு பொருந்தியது. கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், அந்தப் பத்து நிமிடங்களில் இரத்த அழுத்தமும் இதயத்தின் உழைப்பும் மற்றவர்களைக் காட்டிலும் மிகுதியாக உயர்ந்தன என்று 2015இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. அழுத்தத்துக்கு உடல் எவ்வளவு கடுமையாக எதிர்வினை ஆற்றும் என்பதன் ஒரு பகுதி, பிள்ளை பிறக்குமுன்னரே அமைந்துவிடக்கூடும் என்பது இதன் பொருள். அவர்கள் நோயாளிகள் அல்லர். பிற பிள்ளைகளோடு அதே வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள்.

இவ்வாறு முன்னமே அமைந்துவிட்ட ஒரு சாய்வு, நோயாக எப்படி மாறுகிறது? பூப்புப் பருவத்தில் உணர்ச்சியையும் பரபரப்பையும் ஆளும் மூளைப் பகுதிகள் விரைந்து முதிர்கின்றன. அவற்றுக்குக் கடிவாளமிடும் முன்மூளையோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் சுற்றுப்புறம் செய்வது பெரிது. ஆறு வயதில் ஓரிடத்தில் உட்கார இயலாத சிறுவன் வீட்டில் அடி வாங்குகிறான். அடியால் அவன் முரடனாகிறான். முரடன் என்று பெயரெடுத்தவனைப் படிப்பில் வல்ல பிள்ளைகள் விலக்குகிறார்கள். விலக்கப்பட்டவன் தன்னைப்போல் விலக்கப்பட்டவர்களோடு சேர்கிறான். அந்தச் சேர்க்கையில் புகையிலையும் மதுவும் கைக்கு எட்டுகின்றன. எந்தக் கட்டத்திலும் முந்தைய கட்டம் முற்றிலும் காரணமன்று, முற்றிலும் தொடர்பற்றதுமன்று. அதுபோலவே, எட்டு வயதில் பள்ளி செல்ல அஞ்சி வயிற்றுவலி என்று சொன்ன சிறுமி, பதினைந்து வயதில் தோழிகளின்றி, பரீட்சை பயத்தில் உறக்கமின்றி, மனச்சோர்வுக்குள் நழுவலாம். ஒரே சிக்கல் ஒவ்வொரு வயதிலும் வேறு வேறு முகத்தோடு வெளிப்படுவதால்தான், ஒருமுறை மட்டும் பார்க்கும் சோதனையால் அதை அடையாளம் காண முடிவதில்லை.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை இந்திய மண்ணில் ஆராயும் நோக்குடன் 2010களின் நடுப்பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து சிவேதா என்ற கூட்டாய்வைத் தொடங்கின. ஐரோப்பாவில் 14 வயதிலிருந்து சுமார் 2,000 பிள்ளைகளைத் தொடர்ந்துவரும் இமாஜென் ஆய்வை வழிநடத்திய குண்டர் ஷூமனும், நிம்ஹான்ஸின் விவேக் பெனெகலும் அதன் முன்னணியில் நின்றனர். பெங்களூர், மைசூர், சண்டிகர், இம்பால், கொல்கத்தா, ரிஷிவேலி ஆகிய இடங்களில் 6 முதல் 23 வயது வரையிலான 10,000 பேரைச் சேர்ப்பது இலக்கு. மற்ற பல இடங்களில் புதிதாகப் பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தபோது, மைசூரில் கருவிலிருந்தே அளக்கப்பட்ட ஒரு தலைமுறை காத்திருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியின் ஏடுகள் இந்திய மனநல ஆய்வுக்கு அளித்த தனிச்சிறப்பு இதுவே. இமாஜென் ஆய்வின் தரவைக் கொண்டு 2023இல் வெளியான ஒரு முடிவு, கவனக்குறைவும் நடத்தைக் கோளாறும் மனச்சோர்வும் பதற்றமும் தனித்தனி நோய்களாகத் தோன்றினாலும், அவை பலவற்றுக்கும் அடியில் முன்மூளையின் வளர்ச்சித் தாமதத்தோடு தொடர்புடைய ஒரு பொதுவான நரம்பியல் அடிப்படை உண்டு என்றது. அது ஐரோப்பியப் பிள்ளைகளிடம் கண்டது. ஊட்டக்குறை, நெரிசலான வீடு, சாதி, தேர்வு நெருக்கடி ஆகியவற்றின் நடுவே வளரும் பிள்ளைகளுக்கும் அது அப்படியே பொருந்துமென்று கருத இடமில்லை.

சிவேதா (cVEDA) ஆய்வு தன் பெயரின் ஆங்கில விரிவிலேயே புறமுகச் சிக்கல்களையும் போதை அடிமைத்தனத்தையும் முன்னிறுத்துகிறது. அதற்குத் தகுந்த காரணங்கள் உண்டு. ஆயினும் அமைதியாக அழியும் பிள்ளைகளை மறந்துவிடும் அபாயமும் அதில் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி வட்டாரத்தில் பத்தாண்டுக்காலம் மரணங்களை விசாரித்துத் தொகுத்து 2004இல் வெளியிட்ட கணக்கு, 10 முதல் 19 வயது வரையிலான பெண்களிடையே தற்கொலை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148 எனவும், ஆண்களிடையே 58 எனவும் காட்டியது. வகுப்பில் எந்தத் தொல்லையும் தராமல், கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த எண்ணுக்குள் இருந்திருப்பார்கள் என்பதை அவர்களின் ஆசிரியர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. பெங்களூர் நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் நடந்து 2005இல் வெளியான நிம்ஹான்ஸ் ஆய்வு 16 வயது வரையிலான பிள்ளைகளுள் 12.5 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. 2015-16இன் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரையிலானோரிடையே அதை 7.3 விழுக்காடு என்றது. கணக்கெடுக்கும் முறையும் வயது வரம்பும் மாறுவதால் எண்களும் மாறுகின்றன. எப்படிப் பார்த்தாலும் நாற்பது பேர் அமர்ந்த ஒரு வகுப்பறையில் மூன்று முதல் ஐந்து பிள்ளைகள்.

இந்த அறிவைப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொண்டுசெல்லும் முயற்சிகள் கர்நாடகத்தில் பழையவை. 1985இல் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோட்டமே பின்னர் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் விரிந்தது. வளரிளம் பருவத்தினரின் நலத்துக்கென மத்திய அரசின் திட்டம் 2014 சனவரியில் தொடங்கப்பட்டது. ஆய்வு கற்பிக்கும் ஒரு கட்டுப்பாட்டை இத்திட்டங்கள் மதிக்க வேண்டும். இன்னின்ன அறிகுறி உடைய பிள்ளைகளிடையே பின்னாளில் நோய் மிகுதி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய உண்மை. அந்தக் கூட்டத்திலுள்ள ஒரு தனிப் பிள்ளையைக் குறித்து இவன் நோயாளி ஆவான் என்று சொல்ல அது யாருக்கும் உரிமை தராது. ராபின்ஸ் கண்ட அடங்காத பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் சமூக விரோதப் போக்குடைய பெரியவர்களாக ஆகவில்லை என்பதே அதற்குக் காரணம். முத்திரை குத்துவது விலக்கலைப் பெருக்குகிறது, விலக்கலோ நோயைப் பெருக்குகிறது. அறிகுறியைக் கண்டு பிள்ளைக்குத் துணை சேர்ப்பதற்கும், அறிகுறியைக் கண்டு பிள்ளையை ஒதுக்குவதற்கும் உள்ள வேறுபாடு மருத்துவருக்கு விளங்கினால் மட்டும் போதாது. தலைமையாசிரியருக்கும் அது விளங்க வேண்டும்.

1997-98இல் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த பார்த்தினன் பிள்ளைகள் இப்போது இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டார்கள்; முக்கால்வாசி மனநோய்கள் தொடங்கிவிடும் என்று கணக்கிடப்பட்ட வயதையும் தாண்டிவிட்டார்கள். 1934ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருப்பவர்களுக்குப் பிறப்பு எடை உண்டு, முதுமை உண்டு, இளமை இல்லை. பார்த்தினன் தலைமுறைக்குப் பிறப்பும் பத்து வயதும் பதின்மூன்று வயதும் கையில் உள்ளன. நடுவயது இனிமேல்தான் வரவேண்டும். பதின்மூன்று வயதில் மதிப்பீட்டாளர்களின் முன்னே மிகுதியாகப் படபடத்தவர்களுள் எத்தனை பேர் நாற்பது வயதில் நலமாக இருப்பார்கள், அவர்களை நலமாக வைத்தது எது என்ற கேள்விக்கு, அதே ஊரில் அதே மனிதர்களைத் தேடிச்சென்று மீண்டும் மீண்டும் அளப்பதைத் தவிர விடை காண வேறு வழியில்லை. அதற்கான நிதியும் ஆட்களும் இன்னும் பல ஆண்டுகள் அங்கே தொடர வேண்டும்.